266 நானோமீட்டரில் துடிப்பைச் செதுக்குவது: கருவி பாதி, சரிபார்ப்பு மீதி

நீங்கள் கேட்டது இது: ஆய்வகத்தில் 800 நானோமீட்டர் அலைநீளத்துக்கான திரவப் படிக ஷேப்பர் (லேசர் துடிப்பின் வடிவத்தைச் செதுக்கும் கருவி) ஒன்று இருக்கிறது; அதைக் கொண்டே 266 நானோமீட்டர் புற ஊதா லேசர் துடிப்பைச் செதுக்கி, டி.என்.ஏ. காரங்கள், வளைய டையீன்கள் போன்ற மூலக்கூறுகளில் நமக்கு வேண்டிய வினையை மட்டும் நடக்கவைக்க முடியுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. புற ஊதாத் துடிப்பைச் செதுக்குவது எப்படி என்பது ஒன்று. செதுக்கிய துடிப்பு உண்மையிலேயே மூலக்கூற்றை வழிநடத்துகிறதா, இல்லை வேறு ஏதோ மாறியதைக் கட்டுப்பாடு என்று நாம் எண்ணிக்கொள்கிறோமா என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தெளிவான விடை உண்டு. இரண்டாவதற்குப் பாதி விடைதான் உண்டு; மீதி இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன். நான் சொல்வதெல்லாம் டைட்டேனியம்-சஃபையர் பெருக்கியில் தொடங்கி, விநாடிக்கு ஆயிரம் துடிப்பு தரும் மேசை அளவு அமைப்புகளுக்குப் பொருந்தும். கட்டிலா எலக்ட்ரான் லேசர்களின் கணக்கு வேறு.

முதலில் ஒரு எச்சரிக்கை. உங்களிடம் உள்ள திரவப் படிகப் பலகையைப் புற ஊதாப் பாதையில் வைத்துவிடாதீர்கள். அதில் பொதுவாக இருக்கும் நெமாட்டிக் திரவப் படிக மூலக்கூறுகளுக்குள்ளேயே பென்சீன் வளையங்கள் இருக்கின்றன. நீங்கள் ஆராய விரும்பும் மூலக்கூறுகள் 266-ஐ விழுங்குவதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் அவையும் விழுங்கும், சிதையும். அவற்றுக்கு மின்னழுத்தம் கொடுக்கும் இண்டியம் டின் ஆக்சைடு படலமும் ஏறக்குறைய 350 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விடாது. புற ஊதாவைத் தாங்கும் தனிவகைத் திரவப் படிகங்களைச் சில குழுக்கள் செய்து காட்டியிருக்கின்றன. ஆனால் 800-க்கு என்று விற்கப்படும் பலகை அந்த வகை அல்ல.

அடுத்த தொல்லை கண்ணாடி. ஒரு துடிப்பு குறுகியதாக இருக்க அதற்குள் பல நிறங்கள் இருக்க வேண்டும். அவை அனைத்தும் ஒரே கணத்தில் வந்து சேரவும் வேண்டும். 30 ஃபெம்டோ விநாடித் துடிப்புக்கு (ஃபெம்டோ விநாடி என்பது விநாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) 800 நானோமீட்டரில் 31 நானோமீட்டர் அகலம் வேண்டும்; 266-இல் 3.5 நானோமீட்டரே போதும். கேட்கும்போது எளிதாகத் தோன்றும். ஆனால் ஃபியூஸ்டு சிலிக்கா என்ற தூய கண்ணாடியின் நிறப்பிரிகை (நிறத்துக்கு நிறம் வேகம் மாறித் துடிப்பு நீள்வதன் அளவு) 800-இல் மில்லிமீட்டருக்கு 36 சதுர ஃபெம்டோ விநாடி என்றால், 266-இல் சுமார் 200. (இனி ஃபெம்டோ என்றே சுருக்குகிறேன்.) 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு லென்ஸை இரண்டு துடிப்புகளும் கடப்பதாக வையுங்கள். 800-இல் 30 ஃபெம்டோ 34 ஆகும், கவலையில்லை. 266-இல் 30 ஃபெம்டோ ஏறத்தாழ 97 ஆகிவிடும். காற்றுகூடச் சும்மா இருப்பதில்லை: ஒரு மீட்டர் காற்றுக்கு சுமார் 100 சதுர ஃபெம்டோ. அதனால் புற ஊதாவில் முடிந்த இடத்திலெல்லாம் ஆடியைப் பயன்படுத்துங்கள். லென்ஸ், கண்ணாடி ஜன்னல், தடித்த பீம் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றையும் கணக்கில் எழுதி வையுங்கள்.

ஷேப்பரின் உடல் அமைப்பு புற ஊதாவிலும் அதேதான். ஒரு கிரேட்டிங் (நெருக்கமான நுண்கோடுகள் கொண்ட தகடு) நிறங்களைக் கோணத்தால் பிரிக்கும். குழியாடி அவற்றை ஒரு தளத்தில் வரிசையாகக் குவிக்கும். அந்தத் தளத்தில் வைத்த முகமூடி ஒவ்வொரு நிறத்தின் கட்டத்தையும் (அலையின் முகடு வரும் தருணம்) வீச்சையும் (அலையின் உயரம்) தனித்தனியே மாற்றும். பிறகு இன்னொரு குழியாடி, இன்னொரு கிரேட்டிங், மறுபடி ஒரே கற்றை. நான்கு குவியத் தூரம் நீளமுள்ள இந்த அமைப்பில் முகமூடியை வைத்துத் துடிப்பைச் செதுக்கும் முறையை ஆண்ட்ரூ வைனரும் உடன் பணியாற்றியவர்களும் 1980-களின் பிற்பகுதியில் நிலைநிறுத்தினார்கள். 266-க்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மில்லிமீட்டருக்கு 2400 கோடுள்ள கிரேட்டிங்கை, ஒளி வந்த வழியே திரும்பும் கோணத்துக்கு அருகில், அதாவது 18.6 பாகையில் வையுங்கள். குவியத் தூரம் 500 மில்லிமீட்டர். முகமூடித் தளத்தில் ஒவ்வொரு நானோமீட்டரும் 1.27 மில்லிமீட்டர் அகலத்தில் விரியும். 10 நானோமீட்டர் நிறமாலை 12.7 மில்லிமீட்டரில் அடங்கும். உள்ளே வரும் கற்றை 5 மில்லிமீட்டர் விட்டம் என்றால், தனி ஒரு நிறம் அங்கே சுமார் 34 மைக்ரான் புள்ளியாகக் குவியும். இது 0.027 நானோமீட்டர் பிரிதிறன்; நேரத்தில் சில பிக்கோ விநாடி (ஒரு பிக்கோ ஆயிரம் ஃபெம்டோ) அகலமுள்ள ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெளியே எந்த வடிவத்தைக் கேட்டாலும் கிடைக்காது. இன்னும் நீளமான துடிப்பு வரிசை வேண்டுமானால், உள்ளே வரும் கற்றையை விரித்து அனுப்புவதுதான் மலிவான வழி.

முகமூடிக்கு எதை வைப்பது? கிலோஹெர்ட்ஸ் லேசருக்கு என் முதல் தேர்வு ஃபியூஸ்டு சிலிக்காவில் செய்த ஒலி-ஒளிப் பண்பேற்றி; ஆய்வகங்களில் ஏ.ஓ.எம். என்பார்கள். இதில் முகமூடியை ஒலியே வரைகிறது. 150 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ அலையை ஒரு டிரான்ஸ்டியூசர் சிலிக்காவுக்குள் ஒலியாக அனுப்பும். அந்த ஒலி அலையின் முகடும் பள்ளமும் ஒளிக்கு ஒரு கிரேட்டிங்காக நிற்கும். ரேடியோ அலையின் வீச்சையும் கட்டத்தையும் நாம் எப்படி எழுதினோமோ, விலகிச் செல்லும் ஒளி அப்படியே அதை ஏற்றுக்கொள்ளும். பிரின்ஸ்டனில் வாரன் வாரனின் குழு 1994-இல் இந்த முறையை வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும்: பின்னாளில், 2018-இல், நோபல் பரிசு பெற்ற டோனா ஸ்டிரிக்லண்ட், இப்போது கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருக்கும் தேபப்ரதா கோஸ்வாமி. இந்தியாவிலிருந்து கேட்கிறவர்களுக்கு இந்தத் துறை அந்நியமல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அதே உத்தியைப் புற ஊதாவுக்குக் கொண்டுவந்து, 2007-இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைனாக்ட் குழு 260 நானோமீட்டருக்கு அருகில் செதுக்கிய துடிப்புகளைக் காட்டியது.

ஏ.ஓ.எம்.மின் எண்களையும் பாருங்கள். சிலிக்காவில் ஒலி மைக்ரோ விநாடிக்கு 5.96 மில்லிமீட்டர் போகும், ஆக 12.7 மில்லிமீட்டரை நிரப்ப 2.1 மைக்ரோ விநாடி. லேசர் துடிப்புகளுக்கு இடையே ஒரு மில்லி விநாடி இருப்பதால், ஒவ்வொரு துடிப்புக்கும் புதிய முகமூடி எழுதலாம். துடிப்பு கடந்து செல்லும் ஒரு பிக்கோ விநாடியில் ஒலி 6 நானோமீட்டர்தான் நகரும்; ஒளிக்கு அது உறைந்து நிற்கும் சிலை. 100 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் இருந்தால் 2.1 மைக்ரோ விநாடியில் சுமார் 200 சுயேச்சையான புள்ளிகள் கிடைக்கும். வேதியியல் வேலைக்கு அது தாராளம். 80 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆஸிலேட்டருக்கு (விநாடிக்கு எட்டுக் கோடி துடிப்பு தரும் லேசர்) மட்டும் இது ஒத்துவராது, ஏனென்றால் ஒலி நகர்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்தடுத்த துடிப்புகள் வந்துவிடும். இழப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: கிரேட்டிங் ஒவ்வொன்றும் 65 சதவீதம், ஏ.ஓ.எம். 45 சதவீதம் என்றால் மொத்தம் 19 சதவீதம்தான் வெளியே வரும். இன்னொரு சிக்கல், ரேடியோ அலையைத் தூண்டும் நேரம். லேசரின் கடிகாரத்தோடு அது சில நானோ விநாடி தள்ளாடினாலும் முகமூடி முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்து, கட்டம் துடிப்புக்குத் துடிப்பு குதிக்கும். 150 மெகாஹெர்ட்ஸின் ஒரு சுற்று 6.7 நானோ விநாடிதான் என்பதை நினைவில் வையுங்கள். அலை எழுதும் கருவியின் கடிகாரத்தையும் லேசரின் கடிகாரத்தையும் ஒரே மூலத்தில் பூட்டுவதுதான் தீர்வு.

மற்ற வழிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் பியர் தூர்ன்வா முன்வைத்த வழியில் கிரேட்டிங்கே வேண்டாம். ஒரு படிகத்துக்குள் ஒலியும் ஒளியும் ஒரே திசையில் ஓடி, நிறத்துக்கு நிறம் வேறு ஆழத்தில் ஒளியின் முனைவாக்கம் (அலை அதிரும் திசை) மாறும். 2006-இல் கே.டி.பி. (பொட்டாசியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்பேட்) படிகத்தைக் கொண்டு இதைப் புற ஊதாவுக்கும் கொண்டுவந்தார்கள். உள்ளங்கை அளவு, சீரமைப்பது சுலபம். ஆனால் ஒளி பல சென்டிமீட்டர் படிகத்தைக் கடக்கிறது. ஆற்றலைக் கூட்டினால் இரு ஃபோட்டான் உட்கவர்தல் தலைகாட்டும். நுண்ணாடி வரிசைகள் பிரதிபலிப்பில் வேலை செய்வதால் நிறப்பிரிகையும் இழப்பும் குறைவு. வீச்சைச் செதுக்குவது மட்டும் அவற்றில் கடினம். உங்களிடம் உள்ள 800 ஷேப்பரையே பயன்படுத்த ஒரு மறைமுக வழியும் உண்டு. 800-ஐச் செதுக்கி, அதை நீட்டிய 400 துடிப்போடு மெல்லிய பி.பி.ஓ. (பேரியம் போரேட்) படிகத்தில் கலந்து 266 உண்டாக்கினால், 800-இல் எழுதிய கட்டம் பெரும்பாலும் 266-க்கு நகலாகும். செலவில்லை, பலகைக்கும் ஆபத்தில்லை. குறை என்னவென்றால், துடிப்பின் வடிவம் மாறும்போதே உண்டாகும் 266-இன் ஆற்றலும் மாறும். கட்டத்தை மட்டும் தொட்டதாக நினைப்பீர்கள். ஆற்றலும் நிறமாலையும் கூடவே ஆடியிருக்கும். பயிற்சிக்கு இது நல்ல தொடக்கம். அளவு சொல்லும் முடிவுகளுக்கு நேரடியாகச் செதுக்குவதே மேல்.

சீரமைப்பில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். தவறுகள் பிறக்கும் இடம் அதுதான். முகமூடி இல்லாமல், கிரேட்டிங்குக்கும் ஆடிக்கும் இடையிலான தூரம் சரியாகக் குவியத் தூரமாக இருக்கும்போது அமைப்பின் நிறப்பிரிகை சுழியாக இருக்க வேண்டும். மேலே சொன்ன கிரேட்டிங்கில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 210 சதுர ஃபெம்டோ சேரும். அதாவது ஒரு மில்லிமீட்டர் பிழை, ஒரு மில்லிமீட்டர் கண்ணாடிக்குச் சமம். குழியாடியைச் சாய்த்துப் பயன்படுத்தினால் ஆஸ்டிக்மாட்டிசம் (இரு திசைகளில் வெவ்வேறு இடத்தில் குவியும் பிழை) வரும்; சாய்வைச் சில பாகைக்குள் வையுங்கள், அல்லது உருளை ஆடி போடுங்கள். உருளை ஆடியில் இன்னொரு நன்மையும் உண்டு: முகமூடித் தளத்தில் ஒளி கோடாக விரிவதால் ஒளிச்செறிவு (ஒரு பரப்பில் விழும் ஒளியின் வலிமை; இனி செறிவு என்றாலே இதுதான்) குறையும். 266-இன் ஒரு ஃபோட்டான் 4.66 எலக்ட்ரான் வோல்ட். இரண்டு சேர்ந்தால் 9.3. சிலிக்காவின் பட்டை இடைவெளி (அதில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) 9-ஐ ஒட்டியது. செறிவு கூடினால் முகமூடியே ஒளியை உட்கவர்ந்து, நாளடைவில் நிறம் ஏறிப் பழுதாகும்.

இதைவிடப் பொல்லாத ஒன்று இடமும் நேரமும் பின்னிக்கொள்வது. இந்த வகை ஷேப்பரில் துடிப்பைத் தாமதப்படுத்தினால், வெளியே வரும் கற்றை பக்கவாட்டிலும் நகரும். நம் எடுத்துக்காட்டு அமைப்பில் ஒரு பிக்கோ விநாடிக்கு 0.45 மில்லிமீட்டர். 2 பிக்கோ விநாடி நீளத் துடிப்பின் தலையும் வாலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விலகி வரும். வழியில் ஒரு சிறு துளை இருந்தால் அது துடிப்பின் ஒரு பகுதியை வெட்டிவிடும், சமிக்ஞை மாறும், மூலக்கூறு ஏதோ செய்தது போலத் தோன்றும். ஷேப்பருக்குப் பின் கற்றையைத் தடுக்கும் துளை எதுவும் வைக்காதீர்கள். மாதிரியைச் சரியாகக் குவியப் புள்ளியில் வையுங்கள். பக்கவாட்டு நகர்வு அங்கே கோண மாற்றமாக மட்டுமே மிஞ்சும், துடிப்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே இடத்தில் விழும். மாதிரிக்கு இடையூறில்லாத ஓரிடத்தில் ஒரு கேமராவால் குவியப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே வெவ்வேறு வடிவங்களை ஓட்டுங்கள். புள்ளி நகர்ந்தால் அன்றைய தரவை நம்ப வேண்டாம்.

செதுக்கிய துடிப்பை அளப்பது தனிக் கலை. 800-இல் வழக்கமாகச் செய்வது போல இரண்டாம் ஒத்திசையை (பாதி அலைநீளமுள்ள ஒளி) உண்டாக்கி அளக்க முடியாது, பி.பி.ஓ. படிகம் ஏறத்தாழ 205 நானோமீட்டருக்குக் கீழே இரட்டிப்பு செய்யாது, 266-க்கோ 133 வேண்டும். ஆகவே மூன்று வழிகள். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் சிலிக்காத் தகட்டில் இரண்டு நகல்களைக் கடக்கவிட்டு, அவை தம்மைத் தாமே சிதறடிக்கும் ஒளியை நிறமாலைமானியில் பதிவது ஒன்று. இதற்கு மைக்ரோ ஜூல் அளவு ஆற்றல் வேண்டும். மூன்று கற்றைகளைக் கொண்டு தற்காலிகக் கிரேட்டிங் உண்டாக்கிப் பதிவது இரண்டாவது. பின்னணிச் சிதறல் குறைவு. மூன்றாவது, நன்கு அளந்து தெரிந்த 800 துடிப்போடு கலந்து அதிர்வெண் வேறுபாட்டை எடுப்பது. 266-இலிருந்து 800-ஐக் கழித்தால் 400-ஐ ஒட்டி ஒளி வரும். சாதாரணச் சிலிக்கான் கேமராவிலேயே பதிவாகும். செதுக்கிய துடிப்பு மங்கலாகவும் நீளமாகவும் இருக்கும் என்பதால் இந்த மூன்றாவதையே நான் சிபாரிசு செய்வேன். படிகம் மட்டும் மிக மெல்லியதாக, 50 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். தடித்தால் 266-உம் 800-உம் வெவ்வேறு வேகத்தில் ஓடி விவரத்தை அழித்துவிடும். எந்த வழியானாலும் அளக்கும் கருவிக்குப் போகும் பாதையில், மாதிரிக்குப் போகும் பாதையில் உள்ள அதே அளவு கண்ணாடி இருக்க வேண்டும். மாதிரித் திரவம் வைக்கும் கண்ணாடிக் கலமான சாதாரணக் குவெட்டின் முன்சுவர் 1.25 மில்லிமீட்டர், அதிலேயே 250 சதுர ஃபெம்டோ சேர்ந்துவிடும். முடிந்தால் 0.2 மில்லிமீட்டர் ஜன்னலுள்ள பாய்வுக் கலம், இல்லாவிட்டால் ஜன்னலே இல்லாத திரவத் தாரை.

மாதிரியில் எவ்வளவு ஒளி விழலாம் என்பதைப் பலர் கணக்கிடுவதே இல்லை. 266-இல் ஒரு மைக்ரோ ஜூல் என்பது 1.3 லட்சம் கோடி ஃபோட்டான். அதை 100 மைக்ரான் புள்ளியில் குவித்தால், மோலார் உட்கவர் திறன் (ஒளியை விழுங்கும் திறனின் அளவு) 10,000 உள்ள ஒரு மூலக்கூறு (டி.என்.ஏ. காரங்கள் இந்த அளவுதான்) உட்கவர்வதற்கான வாய்ப்பு பாதியை நெருங்கும். அப்போது ஒரே மூலக்கூறு இரண்டாவது ஃபோட்டானையும் வாங்கத் தொடங்கிவிடும். நீங்கள் அளப்பது வேறு வேதியியல். 0.1 மைக்ரோ ஜூலுக்கு இறக்கினால் வாய்ப்பு 6 சதவீதம். அதற்கு மேல் போகாமல் தொடங்குங்கள். கரைப்பான் தண்ணீர் என்றால் அதுவே இரண்டு 266 ஃபோட்டான்களை வாங்கி எலக்ட்ரானை வெளியேற்றும். நீரில் சிக்கிய அந்த எலக்ட்ரான் 720 நானோமீட்டரை உச்சமாகக் கொண்டு அகலமாக உட்கவரும். சிவப்புப் பகுதியில் நீண்ட நேரம் அழியாமல் நிற்கும் ஒரு மேடு தெரிந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்; கரைபொருள் இல்லாமல் வெறும் தண்ணீரை ஓடவிட்டால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். துடிப்புக்குத் துடிப்பு புதிய திரவம் வரும்படி பாய்ச்சலை வையுங்கள். ஓடாத கலத்தில் ஒளிவினைப் பொருள் ஜன்னலில் படிந்து, அரை மணியில் சமிக்ஞை சரியும்.

இனி இரண்டாவது கேள்வி. உறுதியானது எது? 1985-இல் டேவிட் டானரும் ஸ்டூவர்ட் ரைஸும், 1986-இல் பால் புரூமரும் மோஷே ஷபிரோவும், லேசர் ஒளியின் நேரத்தையும் கட்டத்தையும் கொண்டு வினையைத் திருப்பலாம் என்று கோட்பாட்டில் காட்டினார்கள். 1992-இல் ரிச்சர்ட் ஜட்சனும் ஹெர்ஷல் ராபிட்ஸும், சமன்பாட்டைத் தீர்க்க வேண்டாம், மூலக்கூற்றையே கேட்டுக்கேட்டுக் கணினி கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். 1998-இல் கஸ்டாவ் கெர்பர் குழு இரும்புக் கார்பனைல் சேர்மம் ஒன்றில் அதைச் செய்து காட்டி, உடையும் துண்டுகளின் விகிதத்தை மாற்றியது. அதே ஆண்டு மெஷுலாக், சில்பர்பெர்க் இருவரும் சீசியம் அணுவில் இரு ஃபோட்டான் தாவலைக் கட்டத்தால் மட்டுமே அணைத்தும் ஏற்றியும் காட்டினார்கள். அங்கே கணக்கும் சோதனையும் கோடு பிசகாமல் பொருந்தின. துடிப்புகளை மூலக்கூறு அதிர்வின் தாளத்துக்கு ஏற்ப அடுக்கினால் அந்த அதிர்வு வலுப்படும் என்பதும் உறுதி. சென்டிமீட்டருக்கு 800 என்ற அலையெண் கொண்ட அதிர்வுக்குத் தாளம் 42 ஃபெம்டோ. கட்டத்தை சைன் அலையாக எழுதினாலே அந்த இடைவெளியில் துடிப்பு வரிசை கிடைத்துவிடும். உயிர்வேதியியலில் வேலைக்கு உதவுவது வேறுபடுத்திக் காணுதல்: 2009-இல் ராபிட்ஸும் ஜெனீவாவின் ழான்-பியர் வொல்ஃபும் சேர்ந்த குழு, நிறமாலையால் பிரித்தறிய முடியாத ரிபோஃபிளேவினையும் அதன் உறவுச் சேர்மமான எஃப்.எம்.என்.-ஐயும் (ஃபிளேவின் மோனோநியூக்ளியோடைடு), செதுக்கிய 400 துடிப்பும் பின்தொடரும் 800 துடிப்பும் கொண்டு வேறுபடுத்திக் காட்டியது.

சந்தேகத்துக்குரியது எது? உங்கள் வளைய டையீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,3-சைக்ளோஹெக்சாடையீன் 266-இல் ஒளியை வாங்கி, 200 ஃபெம்டோவுக்குள் வளையம் திறந்து ஹெக்சாட்ரையீன் ஆகிறது. நம் தோலில் வைட்டமின் டி உண்டாவதும் இதே வகை வளையத் திறப்பில்தான் தொடங்குகிறது. 2009-இல் ஸ்டோனி புரூக் குழு, 262 நானோமீட்டரில் செதுக்கிய துடிப்பைக் கற்றல் முறையில் தேடி, இந்த மாற்றியமாதலை (அதே அணுக்கள் வேறு அமைப்புக்கு மாறுவது) கூட்ட முடிந்ததாக வெளியிட்டது. ஆனால் இந்த மூலக்கூற்றின் அயனியாக்க ஆற்றல் 8.25 எலக்ட்ரான் வோல்ட். இரண்டு ஃபோட்டானே அதைத் தாண்டிவிடும். துடிப்பை நீட்டினால் செறிவு குறையும். அயனியாகிப் பறிபோகும் மூலக்கூறுகள் குறையும். மிஞ்சிய வளையங்கள் கூடுதலாகத் திறக்கும். விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் வளையத்தைத் துடிப்பு நெம்பித் திறந்தது என்று அதை வைத்தே சொல்ல முடியாது. இன்னொரு முனையில், செறிவு மிகக் குறைந்தால், ஒரே ஃபோட்டான் மட்டும் உட்கவரப்படும்போது, தனித்து நிற்கும் மூலக்கூற்றில் இறுதி விளைபொருள் அளவு நிறமாலையை மட்டுமே சார்ந்திருக்கும், கட்டத்தைச் சாராது என்பது புரூமரும் ஷபிரோவும் 1989-இல் காட்டிய முடிவு. சுற்றுப்புறத்தோடு கலந்திருக்கும் மூலக்கூறுகளில் இதற்கு விதிவிலக்கு உண்டா என்பதுதான் சண்டை. 2006-இல் டுவைன் மில்லர் குழு பாக்டீரியோரொடாப்சின் என்ற, ஒளியை வாங்கும் புரதத்தில் மாற்றியமாதலை இரு பக்கமும் 20 சதவீதம் அளவுக்கு மாற்றியதாகச் சொன்னது. 2009-இல் ஃபிலிப் பக்ஸ்பாம் குழு அதே புரதத்தில் செய்த சோதனையில், விளைவு செறிவு கூடும்போதுதான் தெரிந்தது. இரண்டும் கவனமாகச் செய்த வேலைகள். என் கணிப்பு: புற ஊதாவில் வெளியான கட்டுப்பாட்டு முடிவுகளில் கணிசமானவை செறிவின் விளைவாகவே இருக்கும். இது கணிப்புதான், தீர்ப்பல்ல.

அதனால் நீங்கள் கற்றல் சுற்றை (சிறந்த வடிவங்களைத் தேர்ந்து, அவற்றிலிருந்து அடுத்த தலைமுறை வடிவங்களை உண்டாக்கும் கணினித் தேடல்) ஓட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும் சில சோதனைகள் கட்டாயம். ஒரு தலைமுறைக்கு 50 வடிவம், வடிவத்துக்கு 1000 துடிப்பு என்றால் 50 விநாடி. 40 தலைமுறைக்கு அரை மணிக்கு மேல். அதற்குள் லேசர் நகரும். எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் செதுக்காத குறுகிய துடிப்பை ஒப்பீட்டுக்காக ஓட்டி, எல்லாவற்றையும் அதனால் வகுத்துக்கொள்ளுங்கள். 200 புள்ளியையும் தனித்தனியே தேடவிடாதீர்கள். கணினி இரைச்சலுக்குப் பின்னால் ஓடி, யாராலும் விளக்க முடியாத ஒரு வடிவத்தைக் கொண்டுவரும். இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை நிறப்பிரிகை, சைன் கட்டத்தின் வீச்சு, தாளம், தொடக்கம் என ஐந்து எண்களை மட்டும் தேடவிட்டால் கிடைப்பதைப் புரிந்துகொள்ளலாம். சிறந்த வடிவம் கிடைத்ததும் அதன் கட்டத்தின் குறியை முழுவதும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். துடிப்பு நேரத்தில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும். உச்சச் செறிவு, நிறமாலை, ஆற்றல் மூன்றும் அப்படியே இருக்கும். விளைச்சலும் மாறவில்லை என்றால், மூலக்கூறு வடிவத்தைப் பார்க்கவில்லை, செறிவை மட்டும் பார்க்கிறது. மாறினால், உங்கள் கையில் உண்மையான இயக்கம் ஏதோ சிக்கியிருக்கிறது. இந்தச் சோதனை நிற்க வேண்டுமானால், மாதிரி இருக்கும் இடத்தில் எஞ்சிய கட்டம் சுழியாக இருக்க வேண்டும். குவெட் சுவரின் 250 சதுர ஃபெம்டோவை மறந்தீர்களானால், இரு திசையும் தானாகவே வேறுபடும், நீங்கள் ஏமாறுவீர்கள். கூடவே ஆற்றலைப் பாதியாக்கி, காலாக்கி, விளைச்சல் நேர்விகிதத்தில் குறைகிறதா என்றும் பாருங்கள்.

கட்டுப்பாட்டை மட்டும் இலக்காக வைக்காமல், ஆராய்வதற்கே ஷேப்பரைப் பயன்படுத்தினால் பலன் இன்னும் உறுதி. இருபரிமாண நிறமாலையியலுக்கு (எந்த நிறத்தை வாங்கிய மூலக்கூறு எந்த நிறத்தில் பதில் தருகிறது என்று பார்ப்பது) கட்டம் பூட்டிய இரண்டு துடிப்புகள் வேண்டும். 266-இன் ஒரு அலைச் சுற்று 0.89 ஃபெம்டோதான், தனித்தனி ஆடிகளில் இரண்டு பாதை அமைத்தால், பாதை நீளத்தில் 27 நானோமீட்டர் மாற்றமே சுற்றில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஏ.ஓ.எம். ஷேப்பரில் இரண்டு துடிப்பும் ஒரே பாதையில் வருவதால் அந்தக் கவலை இல்லை. கட்டத்தைத் துடிப்புக்குத் துடிப்பு மாற்றிக் கழித்தால் சிதறல் ஒளியும் விலகும். 2009 முதலே புற ஊதாவில் இதைச் செய்திருக்கிறார்கள்.

ஆகவே என் யோசனை இந்த வரிசை. முதல் மாதம் உங்கள் 800 ஷேப்பரை வைத்து மறைமுக முறையில் 266 உண்டாக்கி, 800-ஓடு கலந்து அளக்கும் கருவியைக் கட்டி முடியுங்கள். அளக்கும் கருவி இல்லாமல் ஏ.ஓ.எம். வாங்குவது பணத்தை முடக்குவது. பிறகு வெறும் கரைப்பானில் நிறப்பிரிகையைக் கூட்டிக் குறைத்து, செறிவால் மட்டும் வரும் சமிக்ஞை எப்படி இருக்கும் என்று ஒரு வரைபடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மூலக்கூறு. 266 கண்ணுக்குத் தெரியாது, கருவிழியைச் சுடும். வெள்ளை அட்டையில் நீல ஒளிர்வாகப் பாதையைத் தேடும்போதும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். உங்கள் 266 துடிப்பின் ஆற்றல், குவியப் புள்ளியின் அளவு, கலத்தின் ஜன்னல் தடிமன் மூன்றையும் எழுதினால், மேலே உள்ள எண்களை உங்கள் அமைப்புக்கு மாற்றிக் கணக்கிட்டுத் தருகிறேன்.